தலையணைக்குக் கீழே ஒரு நிலா இறகு



இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டால் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் மின் விளையாட்டு ஒன்றில் வருகின்ற, பிறைநிலாவைப் போன்ற ஒரு கற்பனை உயிரினத்தைப் பற்றியே எழுதப் போகின்றேன். அதன் பெயர் கிரசீலியா. அந்தப் பெயர் என் வாயில் நுழைவதற்கே ஒரு கிழமை பிடித்தது. ஆனாலும் எங்கள் வீட்டிற்கு நித்திரை திரும்பி வந்த கதையை அந்தப் பெயர் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது.

2009 ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து நாங்கள் வெளியே வந்தபோது என் மகனுக்கு ஏழு வயது. அவனுடைய தகப்பன் எங்களுடன் வரவில்லை. அவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மெனிக் பாம் முகாமில் ஒரு வருடத்திற்கு மேல் இருந்துவிட்டு, 2010 ஆம் ஆண்டின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பினோம். தகரம் போட்ட ஒரு கொட்டிலும், ஒரு தையல் மெசினும், நாலு கோழிகளும்தான் எங்கள் சொத்து.

முகாமில் இரவில் எத்தனையோ பிள்ளைகள் கத்துவார்கள். அதனால் என் பிள்ளை கத்துவது எனக்குத் தனியாகக் கேட்கவில்லை. ஊருக்கு வந்து, சுற்றிவரக் காடும் அமைதியுமாக இருந்தபோதுதான் அது கேட்டது. நடுச்சாமத்தில் எழும்பி இருந்து குழறுவான். கண் திறந்திருக்கும், ஆனால் என்னை அடையாளம் தெரியாது. உலுப்பினாலும் முழுதாக விழிக்கமாட்டான். விடிந்ததும் கேட்டால், "ஒண்டுமில்லை" என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும்.

நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. கோயிலில் நூல் கட்டினோம். திருநீறு போட்டோம். அயலில் ஒரு பெரியம்மா சொன்னார் என்று தலைமாட்டில் வேப்பிலையும் இரும்பும் வைத்தோம். ஒன்றும் சரிவரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிலேயே தூங்கி விழுகிறான் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். அவனைப் பார்ப்பதா, தையலைப் பார்ப்பதா, காணாமற்போனவரைத் தேடி ஒவ்வொரு இடமாக ஏறி இறங்குவதா என்று தெரியாமல் நான் நின்ற காலம் அது.

2012 ஆம் ஆண்டு பள்ளி விடுமுறைக்கு என் தம்பி கனடாவில் இருந்து குடும்பத்துடன் வந்தான். அவனுடைய மகனும் என் மகனும் ஒரே வயதுக்காரர்கள். அந்தப் பிள்ளை ஒரு விளையாட்டு மெசின் கொண்டுவந்திருந்தான். சின்னப் புத்தகம் போல மடிக்கலாம். திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. நின்டென்டோ டி.எஸ். என்று அதற்குப் பெயர். அதற்குள் போட்டு விளையாடும் விளையாட்டின் பெயர் போக்கிமோன் டயமண்ட். மூன்று கிழமையும் இரண்டு தலைகளும் அந்த மெசினுக்குள்தான் கவிழ்ந்திருந்தன. போகும்போது மருமகன் அதை என் மகனிடம் கொடுத்துவிட்டு, "இவன் வைச்சிருக்கட்டும் மாமி, எனக்குப் புதுசு இருக்கு" என்றான்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. எங்கள் வீட்டிற்கு அப்போது மின்சாரம் வரவில்லை. சந்திக் கடையில் காசு கொடுத்துத்தான் அதற்குச் சார்ஜ் போட வேண்டும். முட்டை விற்ற காசு அதற்குப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? அதோடு, மிருகங்களைப் பிடித்துச் சண்டைக்கு விடும் விளையாட்டு என்று கேள்விப்பட்டதும் இன்னும் வெறுத்துப்போனேன். சண்டையைப் பார்த்துத்தானே பிள்ளை இப்படி ஆனான் என்று நினைத்தேன்.

அந்த விளையாட்டு எப்படி உருவானது என்ற விபரம் எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. யப்பானில் டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர் சடோஷி தஜிரி. சின்ன வயதில் வயலிலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்துச் சேர்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. நகரம் பெருகப் பெருக வயல்களும் குளங்களும் மறைந்தன, பூச்சிகளும் மறைந்தன. தான் அனுபவித்த அந்தச் சந்தோசத்தை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணத்தில் இருந்தே இந்த விளையாட்டு பிறந்தது. 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அது முதன்முதலில் யப்பானில் வெளியானது. தும்பி பிடித்து நூல் கட்டிப் பறக்கவிட்ட எங்கள் பிள்ளைப் பருவம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது.

என் மகன் விளையாடிய டயமண்ட், அதன் சோடியான பேர்ல் என்னும் விளையாட்டுடன் சேர்ந்து 2006 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் யப்பானில் வெளிவந்தது. அதில் வரும் சின்னோ என்ற நாடு, யப்பானின் வடக்கே உள்ள பனி பெய்யும் ஹொக்கைடோ தீவை மாதிரியாக வைத்து அமைக்கப்பட்டது. அந்த விளையாட்டில் 107 புதிய உயிரினங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்றுதான் கிரசீலியா. மொத்த வரிசையில் அதன் இலக்கம் 488.

ஒரு நாள் இரவு நான் தையலை முடித்துவிட்டுப் படுக்கப் போனபோது போர்வைக்குள் இருந்து வெளிச்சம் தெரிந்தது. மெசினைப் பறித்து எடுத்துவிட்டு ஏசத் தொடங்கினேன். அவன் அழவில்லை. "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. அந்தப் பெடியன் இன்னும் எழும்பேல்லை" என்றான்.

"எந்தப் பெடியன்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவன் எனக்கு அந்தக் கதையைச் சொன்னான். சின்னோ நாட்டில் கனலேவ் என்றொரு துறைமுக நகரம் இருக்கின்றது. அங்கே ஒரு கப்பற்காரரின் வீடு. அவருடைய மகன் கெட்ட கனவுக்குள் அகப்பட்டு விழிக்க முடியாமல் படுக்கையில் கிடக்கின்றான். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே நிற்கின்றார்கள். ஆனால் அவர்களால் பிள்ளையை எழுப்ப முடியவில்லை. பூரணைத் தீவு என்று ஒரு தீவு உண்டு, அங்கே கிடைக்கும் நிலா இறகைக் கொண்டுவந்தால்தான் பிள்ளை எழும்புவான் என்று தெரிகின்றது. விளையாடுகின்றவர் அந்தக் கப்பற்காரருடன் தீவுக்குப் போக வேண்டும். விளையாட்டின் பிரதான கதை முடிந்த பிறகே இந்தப் பகுதி வரும். மருமகன் பிரதான கதையை முடித்து வைத்திருந்தபடியால் என் மகன் நேரே அங்கே போய்ச் சேர்ந்திருந்தான்.

சொல்லி முடித்துவிட்டு, "அந்தப் பெடியனுக்கு அப்பா இருக்கிறார் அம்மா. பக்கத்திலதான் நிக்கிறார். அப்பிடியிருந்தும் அவரால எழுப்ப ஏலாமல் இருக்கு" என்றான்.

எனக்குக் கைகால் எல்லாம் சோர்ந்துவிட்டது. மூன்று வருடமாக இந்தப் பிள்ளை தன் கனவைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அப்பா இருந்திருந்தால் இந்தக் கனவுகள் வந்திருக்காது என்று அவன் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் விளங்கியது. மெசினைத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன்.

தீவின் நடுவே, மரங்களுக்குள் அது மிதந்துகொண்டு நின்றது. அன்னத்தைப் போல வளைந்த கழுத்து. தலையில் பிறை. நீல உடல், மஞ்சள் வயிறு, இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பு வளையங்கள். அதன் செட்டைகளில் இருந்து ஒளித்துகள்கள் முக்காட்டுச் சீலை போல விழுமாம். அதன் இறகைப் பிடித்துக்கொண்டு தூங்குகின்றவர்களுக்கு நல்ல கனவே வரும் என்பது அந்த விளையாட்டில் உள்ள ஐதீகம். இப்படிப்பட்ட ஐதீக உயிரினங்களில் பெரும்பாலானவற்றிற்கு ஆண், பெண் என்ற பேதம் வைக்கப்படவில்லை. ஆனால் கிரசீலியா பெண் என்று மகன் சொன்னான்.

மகன் அதற்குக் கிட்டப் போனதும் அது பறந்து போய்விட்டது. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. நின்ற இடத்தில் ஒரு இறகு மாத்திரம் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கனலேவுக்குத் திரும்பினான். கப்பற்காரரின் மகன் கண் விழித்தான். தாயும் தகப்பனும் நன்றி சொன்னார்கள். அவ்வளவுதான் அந்தக் கதை. என் மகன் மெசினை மடித்து வைத்துவிட்டுப் படுத்தான். அன்றும் அவன் கத்தினான். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. ஒரு விளையாட்டால் ஒரே இரவில் எதுவும் மாறிவிடவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவன் எங்கேயோ போய் ஒரு மயிலிறகுடன் வந்தான். எங்கள் பக்கத்தில் மயிலுக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் படிக்கிற காலத்தில் குட்டி போடும் என்று நம்பி மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்தவர்கள் அல்லவா? அவன் அதைத் தலையணைக்குக் கீழே வைத்தான். "இது குட்டி போடவோ?" என்று பகிடியாகக் கேட்டேன். "இல்லை, இது நிலா இறகு" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிரசீலியா கேட்டால் சொல்லவேணும் எல்லோ, என்ன கனவு எண்டு" என்றான்.

அன்றிரவுதான் முதன்முதலாகத் தன் கனவைச் சொன்னான். பங்கருக்குள் அவன் இருக்கின்றான். வாசலில் மண் சரிகின்றது. அப்பா வெளியே நிற்கின்றார். "உள்ள வாங்கோ" என்று கூப்பிட வாய் திறந்தால் குரல் வருவதில்லை. இதுதான் ஒவ்வொரு நாளும். அவன் பயத்தில் குழறுகின்றான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் தகப்பனைக் கூப்பிட்டிருக்கின்றான்.

அதன் பின்னர் பகலில், வெளிச்சத்தில், கோழிக்குத் தீன் போடும்போதும் துணி மடிக்கும்போதும் நாங்கள் அந்தக் கனவைப் பற்றிக் கதைத்தோம். அவனே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். கனவுக்குள் கிரசீலியாவைக் கொண்டுவந்தான். அது பங்கர் வாசலில் வந்து நிற்கும். அதன் வெளிச்சம் உள்ளே விழும். அப்போது அவனுக்குக் குரல் வரும். "அப்பா உள்ள வந்தவரோ?" என்று ஒரு நாள் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: "வரேல்லை. ஆனால் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்டது."

நாங்கள் தெரியாமல் செய்த இந்தக் காரியத்திற்கு உளமருத்துவத்தில் ஒரு முறையே இருக்கின்றது என்று பிந்தி அறிந்தேன். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவை விழித்திருக்கும் நேரத்தில் சொல்லி, அதன் போக்கையோ முடிவையோ தாங்களே மாற்றி, அந்தப் புதிய கனவை மனதுக்குள் பழகிப் பார்ப்பதுதான் அந்த முறை. போரிலும் வன்முறையிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பயன்பட்டிருக்கின்றது. மகனுடைய குழறல் நாளுக்கு நாள் குறைந்து, கிழமைக்கு ஒன்றாகி, மாதத்திற்கு ஒன்றாகியது. அதற்கு ஒரு வருடத்திற்கு மேல் எடுத்தது.

இந்தக் கதையில் இன்னொரு பாத்திரமும் உண்டு. கனலேவ் பிள்ளைக்குக் கெட்ட கனவைக் கொடுத்தது டார்க்ராய் என்னும் கரிய உயிரினம். அது அமாவாசைத் தீவில் இருக்கும். நிலா இல்லாத இரவுகளில் உலாவும். பெண்ணான கிரசீலியாவிற்குப் பூரணைத் தீவு, டார்க்ராய்க்கு அமாவாசைத் தீவு. இதைக் கேட்டபோது என் மனம் வேறெங்கோ போய்விட்டது. சித்திரா பூரணையில் இறந்த தாய்க்கு விரதம் இருப்பதும், ஆடி அமாவாசையில் இறந்த தகப்பனுக்கு விரதம் இருப்பதும் எங்கள் வழக்கம். நான் என் தாய்க்கு விரதம் இருக்கின்றேன். என் மகன் ஆடி அமாவாசையில் என்ன செய்வது? அயலில் உள்ள பெடியன்கள் கடலுக்குப் போய்த் தீர்த்தமாடி வரும்போது அவன் வீட்டில் இருப்பான். விரதம் இருந்தால் தகப்பன் இல்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். இருக்காவிட்டால், அவர் உண்மையில் இல்லையென்றால், கடமை தவறியவர்களாவோம். இந்த வேதனை இந்தப் பக்கங்களை வாசிக்கும் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகனுடைய மெசினில் அமாவாசைத் தீவுக்குப் போக வழி இருக்கவில்லை. அதற்கு விசேடமாகத் தரப்படும் அனுமதி ஒன்று வேண்டுமாம். "எனக்கு அங்க போக ஏலாது அம்மா" என்று சொன்னான். "போகாட்டிப் பரவாயில்லை" என்றேன்.

ஆனால் டார்க்ராயைப் பற்றி அவன் சொன்ன ஒரு விடயத்தை நான் மறக்கவில்லை. அது கெட்ட எண்ணத்துடன் கனவுகளைக் கொடுப்பதில்லையாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே கிட்ட வருபவர்களுக்குக் கெட்ட கனவைக் கொடுக்கின்றதாம். 2007 ஆம் ஆண்டு யப்பானில் வந்த ஒரு போக்கிமோன் திரைப்படத்திலும் இதே நியாயம்தான். ஊர்மக்கள் கெட்ட கனவுக்கு டார்க்ராயைக் குற்றம் சாட்டித் துரத்தப் பார்க்கின்றார்கள். கடைசியில் அந்த ஊரைக் காக்க நிற்பதும் அதுதான்.

எங்கள் பயமும் அப்படித்தானே, தோழிகளே? சின்னச் சத்தத்திற்கும் துள்ளி எழும்பிய அந்தப் பழக்கம்தான் அன்று எங்களையும் பிள்ளைகளையும் பங்கருக்குள் ஓடவைத்தது, உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது. ஆபத்து போன பிறகும் காவலை விடத் தெரியாமல் அது இன்னும் நிற்கின்றது. எனக்கு விசர் பிடிக்கின்றதோ, என் பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இறகை விட்டுவிட்டுப் பறந்த கிரசீலியாவைப் பிடிப்பது பெரிய வேலை. அது ஒரு இடத்தில் நிற்காது. சின்னோ முழுதும் அலைந்துகொண்டிருக்கும். இருக்கும் இடம் வரைபடத்தில் தெரியும். போய்ச் சேர்வதற்குள் வேறெங்கோ போய்விடும். எதிர்ப்பட்டாலும் ஒரு கணத்தில் ஓடிவிடும். மகன் மாதக்கணக்காக அதன் பின்னால் அலைந்தான். சார்ஜ் முடிந்தால் அடுத்த கிழமை வரை பொறுத்திருப்பான். தகப்பனைத் தேடிப் படத்துடன் அலைந்த எனக்கு, கிடைக்காத ஒன்றின் பின்னால் பிள்ளை அலைவதைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. 2013 ஆம் ஆண்டு கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பும் மாற்றாமல் இருந்தவன், "அம்மா, பிடிச்சிட்டன்" என்று கத்தினான். அந்தக் கத்தல் வேறு. அயல் வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்கள்.

அதற்குச் சில நாள் கழித்து நான் பாய் விரிக்கும்போது என் தலையணைக்குக் கீழே மயிலிறகு இருந்தது. பாயை மாற்றிப் போட்டுவிட்டான் என்று நினைத்து அவனுடைய பக்கத்தில் வைத்தேன். அவன் எடுத்துத் திருப்பி என் பக்கத்தில் வைத்தான்.

"எனக்கேன்?" என்றேன்.

"நீங்களும் இரவில கத்துறனீங்கள் அம்மா. உங்களுக்குத் தெரியாது. நான் எழுப்பிறேல்லை, நீங்கள் களைச்சுப் போய்ப் படுக்கிறபடியால்."

அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. சனத்துக்குள் அவன் கை என் கையில் இருந்து நழுவிப் போகின்ற கனவு எனக்கு வருவது உண்மை. அது கனவுக்குள் மட்டும் இருக்கின்றது, வெளியே யாருக்கும் தெரியாது என்று நான் எண்ணியிருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை இருட்டில் விழித்திருந்து தாய் குழறுவதைக் கேட்டிருக்கின்றான். தாய் களைத்துப் போவாள் என்று எழுப்பாமலும் விட்டிருக்கின்றான். நான் அவனைக் காவல் காக்கின்றேன் என்று நினைத்த நாட்களில் அவன் என்னைக் காவல் காத்திருக்கின்றான்.

மகன் அந்தக் கிரசீலியாவைப் பயிற்றி வளர்த்தான். நெடுநாள் வளர்த்த பிறகு அது ஒரு விசேட வித்தையைக் கற்றுக்கொள்ளும். நிலா நடனம் என்று அதற்குப் பெயர். அந்த நடனத்தை ஆடினால் கிரசீலியா தன்னுடைய பலம் முழுவதையும் இழந்து மயங்கி விழுந்துவிடும். ஆனால் அதற்குப் பதிலாக அடுத்து வரும் உயிரினம் காயம், நோய் எல்லாம் மாறி முழுப் பலத்துடன் எழும்பும். இதைக் கேட்டதும், "இது எங்கட அம்மாமாரின்ரை கதைதானே" என்று பெருமையாகச் சொன்னேன். தான் உண்ணாமல் பிள்ளைக்குக் கொடுப்பது, தனக்கு வருத்தம் என்றால் ஒரு பனடோலுடன் சமாளிப்பது, இவைதானே நாங்கள் நல்ல தாய் என்று படித்த பாடம்.

மகன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றது. "அதுக்குப் பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போகவேணும் அம்மா. இல்லாட்டி அது அப்பிடியே மயங்கித்தான் கிடக்கும்" என்றான்.

அந்த விளையாட்டில் பெரும்பாலான ஊர்களில் ஒரு சிகிச்சை நிலையம் இருக்கின்றது. அங்கே ஒரு தாதி நிற்பாள். காயப்பட்டவற்றையும் மயங்கியவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு வாங்காமல் சுகப்படுத்தித் தருவாள். எத்தனை தரம் போனாலும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டாள். மற்றவர்களைச் சுகப்படுத்தும் கிரசீலியாவும் அந்த வரிசையில்தான் போக வேண்டும். இது பிள்ளைகளுக்குச் சாதாரணமாகத் தெரிந்த விடயம். எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

2014 ஆம் ஆண்டு நான் எங்கள் பிரதேச செயலகத்தில் இருந்த உளவளத்துணைச் சகோதரியிடம் போனேன். அதற்கு முன்னர் இரண்டு தடவை படலை வரை போய்த் திரும்பி வந்திருக்கின்றேன். யாரும் கண்டால் விசர் என்று சொல்லுவார்கள் என்ற பயம். முதல் நாள் நான் ஒன்றும் கதைக்கவில்லை, அழுதுவிட்டு வந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நாலாவது தடவைதான் கை நழுவும் அந்தக் கனவைச் சொன்னேன். தேவைப்பட்ட ஒரு காலத்தில் வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும் மருந்து எடுத்தேன். இன்று நான் முழுதாகச் சுகம் என்று சொல்லமாட்டேன். மே மாதம் வந்தால் இன்னும் நித்திரை குழம்பும். ஆனால் அது குழம்பும் என்று எனக்குத் தெரியும், யாரிடம் போகவேண்டும் என்றும் தெரியும்.

தோழிகளே, பிள்ளைகளுக்கு விளையாட்டு மெசின் வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிற்கு அது இனாமாக வந்தது. இன்று எல்லாப் பிள்ளைகள் கையிலும் போன் இருக்கின்றது. இரவிரவாக அதற்குள் கிடந்து படிப்பையும் நித்திரையையும் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நானும் காண்கின்றேன். நேரக் கட்டுப்பாடு வேண்டும், என்ன பார்க்கின்றார்கள் என்ற கவனமும் வேண்டும். ஆனால் பறித்து எறிவதற்கு முன்னர் பக்கத்தில் இருந்து ஒரு தரம் பாருங்கள். அதற்குள் யார் வருகின்றார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். தன் கதையைச் சொல்ல முடியாத பிள்ளை கப்பற்காரரின் மகனுடைய கதையைச் சொல்லும். எங்கள் வீட்டில் அப்படித்தான் கதவு திறந்தது. உங்கள் வீட்டில் அது ஒரு சித்திரமாகவோ, பொம்மையாகவோ, கோழிக்குஞ்சாகவோ இருக்கலாம்.

என் மகன் இப்போது வவுனியாவில் போன் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கின்றான். 2021 ஆம் ஆண்டு அந்த விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள் என்று ஒரு நாள் போனில் சொன்னான். "அந்தப் பெடியன் இன்னும் அங்கதான் படுத்திருக்கிறான் அம்மா. ஆராவது போய் எழுப்பத்தான் வேணும்" என்று சிரித்தான்.

பழைய மெசின் எப்போதோ பழுதாகிவிட்டது. தான் திருத்தித் தருவதாகச் சொல்லி மூன்று வருடமாக வைத்திருக்கின்றான். ஆடி அமாவாசைக்கு நாங்கள் இன்னும் விரதம் இருப்பதில்லை. அந்த மயிலிறகு கண் மங்கி, நார் உதிர்ந்து, என் தலையணைக்குக் கீழேதான் இருக்கின்றது. அவன் விடுமுறையில் வந்து நிற்கும் நாட்களில் அதை எடுத்து அவன் பக்கத்தில் வைப்பேன். விடியப் பார்த்தால் அது திரும்பவும் என் பக்கத்தில் இருக்கும்.